40 நாள் பூட்டிய வீடு: ஏசியை ரிமோட்டில் அணைத்தால் போதுமா?

திருவிடைமருதூர் வட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது. முன்கட்டு நாட்டு ஓடு, பின்கட்டு கான்கிரீட் என்று அமைந்த பழைய வீடு. மும்முனை மின் இணைப்பு. கீழ் அறையில் 2013-ல் வாங்கிய ஒன்றரை டன் சாதாரண ஏசி, மாடி அறையில் 2021-ல் வாங்கிய இன்வெர்ட்டர் ஏசி. 15 லிட்டர் கீசர், ஃப்ரிட்ஜ், 150 ஏ.ஹெச். பேட்டரியோடு வீட்டு இன்வெர்ட்டர், ஒரு ஏர் கூலர். ஏப்ரல் கடைசியில் கணவரோடு பெங்களூரில் உள்ள மகன் வீட்டுக்குப் போகிறார். பேரன் பள்ளி திறந்த பிறகு, ஜூன் முதல் வாரம்தான் திரும்புவார். கிட்டத்தட்ட 40 நாள் வீடு பூட்டிக் கிடக்கும். கணவருக்கு ஆஸ்துமா உண்டு.

அவருடைய குழப்பங்கள் இவை. கனடாவில் இருக்கும் தங்கை மகன் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்: குழாய்களில் உள்ள தண்ணீரை வடித்துவிட வேண்டும், கீசரைக் காலி செய்ய வேண்டும், ஏசியை முழுதாக அணைக்காமல் 28 டிகிரியில் ஓடவிட வேண்டும். மாடி அறை பீரோவில் பட்டுப் புடவைகளும் பழைய புத்தகங்களும் இருப்பதால் கடைசி யோசனை அவருக்கு நியாயமாகப் படுகிறது. ஊர் மெக்கானிக்கோ, சம்மருக்கு முன்னால் வருஷா வருஷம் கேஸ் போட்டே ஆக வேண்டும் என்கிறார். போன ஏப்ரலில் கீழ் அறை ஏசிக்குக் கேஸ் போட்டார், ஆகஸ்டிலேயே குளிர் போய்விட்டது. ரசீது கேட்டதற்கு, "நமக்குள்ள என்னம்மா ரசீது" என்றாராம். இவை போக, அவுட்டோர் யூனிட்டைத் தார்ப்பாயால் மூடலாமா, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பேட்டரிக்கு ஊற்றலாமா, மெயினை இறக்கிவிட்டுப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அம்மா, முதலில் அந்தக் கனடாப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். தம்பி அக்கறையோடுதான் அனுப்பியிருக்கிறார். ஆனால் அது பனி உறையும் ஊருக்கான பட்டியல். அங்கே குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிப் போனால் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து, விரிந்து, குழாயே வெடிக்கும். அதனால் வடிக்கிறார்கள், வீட்டைச் சூடாக வைக்கும் கருவியைக் குறைத்து ஓடவிடுகிறார்கள். நம் காவிரிப் படுகையில் சித்திரை, வைகாசியில் உங்கள் வீட்டுக்கு வரக்கூடிய ஆபத்துகள் வேறு: ஏசிக்குள் தங்கிய ஈரம், கோடை மழையோடு வரும் இடியும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும், வயல் காலியானதும் வீட்டுப் பக்கம் வரும் எலி, தேங்கிய தண்ணீரில் வரும் கொசு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

28 டிகிரியில் ஓடவிடுவது வேண்டாம்

பூஞ்சை வருமோ என்ற உங்கள் பயம் சரியானது, அதற்கு நினைத்திருக்கும் மருந்துதான் தவறு. ஆளில்லாத அறையில் ஏசி ஓடும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும்? சுவரும் பீரோவும் குளிர்ந்து கிடக்கும். ஜன்னல் இடுக்கில் வெளியே இருக்கும் புழுக்கக் காற்று உள்ளே வந்து, ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பதைப் போல, அந்தக் குளிர்ந்த பரப்பில் வேர்க்கும். மின்சாரம் திரும்பினால் சில ஏசி தானாக ஓடும், சில ஓடாது. ஓடாமல் நின்றுவிட்டால் ஈரமான காயிலோடு (ஏசிக்குள் குளிரும் குழாய்ச் சுருள்) மூடிய அறை ஒரு மாதம் கிடக்கும். பூஞ்சைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

செலவையும் பாருங்கள். சராசரியாக 400 வாட் மட்டும் எடுப்பதாக வைத்தாலும் 40 நாளுக்கு 384 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், 101-லிருந்து 200 வரையான யூனிட்டுக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மோட்டாரையும் கம்ப்ரசரையும் ஆளில்லாமல் 960 மணி நேரம் ஓடவிட்டுப் போவதை நான் ஒப்ப மாட்டேன்.

பட்டுக்கும் புத்தகத்துக்கும் வேண்டியது காற்றோட்டம். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை நகர்த்தி வையுங்கள். புடவைகளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றுங்கள். தட்டுக்கு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டார், பத்து நாளுக்கு ஒரு முறை, மழை இல்லாத நாளாகப் பார்த்து, காலை பத்து மணிக்கு மேல் நாலு மணிக்குள் ஜன்னல்களைத் திறந்து வைத்தால் அதுவே பெரிய உதவி. அந்த நேரத்து மேல்காற்று வறண்டது. சாயங்காலம் கடல் பக்கமிருந்து வரும் காற்று ஈரத்தோடு வரும், அதற்கு முன் சாத்திவிட வேண்டும்.

வருஷா வருஷம் கேஸ் எதற்கு?

கேஸ், பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை அம்மா. மூடிய செப்புக் குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது. குழாயில் கசிவு இல்லையென்றால் ஏசியின் ஆயுள் முழுதும் அதே கேஸ்தான். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை என்று பொருள். போன ஏப்ரலில் போட்டது ஆகஸ்டில் போனதே அதற்குச் சாட்சி. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

இதில் உங்களுக்குக் குறிப்பாகத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. பயணத்துக்கு முன் கேஸ் நிரப்பிவிட்டு, 40 நாள் ஓடாமல்தானே இருக்கும், கசியாது என்று நினைக்க வேண்டாம். உங்கள் பழைய ஏசியில் இருப்பது பெரும்பாலும் ஆர்-22 என்ற வகை கேஸாக இருக்கும், அவுட்டோர் யூனிட்டின் பெயர்த்தகட்டில் அச்சிட்டிருக்கும், பாருங்கள். அது ஓடும்போது கூலிங் காயில் பக்கத்து அழுத்தம் சுமார் 65 முதல் 70 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு). நிறுத்திவிட்டால் இரு பக்கமும் சமமாகி, 35 டிகிரி வெயிலில் ஏறக்குறைய 180 பி.எஸ்.ஐ.க்குப் போகும். அதாவது கூலிங் காயில் பக்கம் ஓட்டை இருந்தால், ஓடும்போதைவிடச் சும்மா இருக்கும்போதுதான் வேகமாகக் கசியும். ஏப்ரலில் போட்ட கேஸ் ஜூனில் இருக்காது.

கேஸ் குறைவா இல்லையா என்பதை நீங்களே ஓரளவு பார்த்துவிடலாம். ஃபில்டரைக் கழுவி மாட்டி, ரிமோட்டில் மிகக் குறைந்த வெப்பநிலையும் அதிக விசிறி வேகமும் வைத்து, கதவைச் சாத்தி 20 நிமிடம் ஓடவிடுங்கள். சாதாரண அறை வெப்பமானி ஒன்றை இன்டோர் யூனிட்டின் மேலே காற்று உள்ளே போகும் இடத்திலும், பிறகு கீழே குளிர்காற்று வரும் வாயிலும் காட்டுங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் கேஸ் போதுமான அளவு இருக்கிறது. ஐந்து, ஆறுதான் என்றால் கேஸ் குறைவாக இருக்கலாம், காயில் அழுக்காகவும் இருக்கலாம். ஆகவே முதலில் வாட்டர் சர்வீஸ், பிறகு மறுபடி அளவு. அதற்குப் பிறகும் குறைவாகவே இருந்தால்தான் கேஸ் பற்றிப் பேச வேண்டும். காயிலின் ஒரு ஓரத்தில் மட்டும் ஐஸ் கட்டினாலோ, வெளியே மெல்லிய செப்புக் குழாயின் மேல் உறைபனி படிந்தாலோ சந்தேகம் வலுக்கும்.

கசிவு பெரும்பாலும் ஃப்ளேர் நட் (செப்புக் குழாயின் முனையை விரித்துப் பூட்டும் நட்) போட்ட இணைப்பில்தான் இருக்கும். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் வெளியே வரும் என்பதால் அந்த நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும், அதில் ஒட்டிய கறுப்புத் தூசியும் தெரியும். பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கெட்டியாகக் கரைத்து ஸ்பாஞ்சால் தடவினால், கசிகிற இடத்தில் சின்னச் சின்னக் குமிழி ஊதிக்கொண்டே இருக்கும். இங்கேதான் என்றால் செலவு குறைவு: செப்புக் குழாய் முனையை வெட்டிப் புதிதாக ஃப்ளேர் செய்து, சரியான இறுக்கத்தில் நட்டைப் பூட்டினால் முடிந்தது. கூலிங் காயிலிலேயே ஊசித்துளை என்றால், 2013-ன் ஆர்-22 ஏசிக்குப் புதுக் காயில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆர்-22 படிப்படியாக விலக்கப்பட்டுவரும் கேஸ். இப்போதைக்கு அதைத் தொடாமல் விட்டுவிட்டு, ஊரிலிருந்து வந்ததும் புதிது வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். அந்தப் பணத்தைக் கேஸில் போட்டுக் கரைக்க வேண்டாம்.

சரிசெய்யத் தீர்மானித்தால் மெக்கானிக்கிடம் மூன்றை மட்டும் கேளுங்கள். ஒன்று, கசிவைச் சோதிக்க நைட்ரஜன்தான் ஏற்ற வேண்டும். வெல்டிங்குக்கு வைத்திருக்கும் ஆக்சிஜன் சிலிண்டரை இணைக்க விடவே கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜனும் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும், இதில் உயிரே போகும். இரண்டு, கேஸ் போடுவதற்கு முன் வாக்யூம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளிவிட்டேன் என்பது வாக்யூம் ஆகாது. மூன்று, கேஸ் எடை போட்டு ஏற்ற வேண்டும், பெயர்த்தகட்டில் எவ்வளவு என்று இருக்கும். மாடியில் உள்ள 2021 மாடலில் ஆர்-32 இருந்தால் இன்னும் கவனம். அது எளிதில் அல்ல என்றாலும் தீப்பற்றக்கூடியது. பழைய ஏசியில் ஆர்-32-ஐப் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் அனுமதிக்காதீர்கள். அந்தக் கம்ப்ரசரும் குழாயும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல.

பயணத்துக்காக கேஸையெல்லாம் அவுட்டோரில் இழுத்துப் பூட்டி வைக்கிறேன் என்றும் சிலர் சொல்வார்கள். அது ஏசியைக் கழற்றி இடம் மாற்றும்போது செய்வது. உங்களுக்குத் தேவை இல்லை.

ரசீது கேட்பது பகை ஆகாது

ஊர் மனிதர், நாளைக்கும் அவர்தான் வர வேண்டும் என்ற உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனாலும் கேளுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ரசீது தராததை நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே சொல்கிறது. அச்சடித்த புத்தகம் இல்லையென்றால் ஒரு வெள்ளைத் தாளில் தேதி, எந்த ஏசி, எந்த கேஸ், எத்தனை கிராம், கசிவு எங்கே இருந்தது, எவ்வளவு தொகை என்று எழுதிக் கையெழுத்து போடச் சொல்லுங்கள். பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்பினால் அதுவும் ஒரு சாட்சி.

போன வருடத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி, குறைபாடு எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. ஆனால் ரசீதோ வேறு தடயமோ இல்லாமல் ஒரு கேஸ் ரீஃபில் தொகைக்காக அலைவது உங்களுக்கு உகந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவரையே அழைத்து, "கசிவைப் பார்க்காமல் போட்டதால்தான் போனது, இந்த முறை கூலியில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று பேசிப் பாருங்கள். மாடி ஏசி விஷயம் வேறு. அதற்குக் கம்ப்ரசர் வாரண்டி இன்னும் இருக்கலாம், அட்டையை எடுத்துப் படியுங்கள். கம்ப்ரசர் வாரண்டி என்றால் பெரும்பாலும் கம்ப்ரசர் மட்டும்தான். கேஸும் கூலியும் தனி. வாரண்டி உள்ளவரை அதை வெளி ஆளிடம் திறக்கக் கொடுக்காதீர்கள். நிறுவனம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள்.

கிளம்புவதற்கு முன்: ஏசிக்கு மட்டும்

சர்வீஸைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே முடியுங்கள். எதையாவது கழற்றி மாட்டியதில் தவறு இருந்தால் நீங்கள் இருக்கும்போதே தெரிய வேண்டும். நம் பக்கம் தாளடி அறுவடை முடிந்ததும் அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். அறுவடை இயந்திரம் கிளப்பிய பதரும் வைக்கோல் தூசியும் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். கொல்லையில் வைக்கோல் போர் பக்கத்திலேயே யூனிட் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்கு இது இரட்டிப்பாக இருக்கும். அந்தப் போர்வையோடு ஓடினால் வெப்பம் வெளியேறாமல் கம்ப்ரசர் திணறும், மின்செலவு ஏறும். குளிர்வது குறைந்ததும் கேஸ் இல்லை என்ற முடிவுக்கு வருகிறார்கள். தண்ணீரைத் தகடுகள் நிற்கும் போக்கிலேயே, மென்மையான அழுத்தத்தில், உள்ளிருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். பக்கவாட்டில் அடித்தால் தகடுகள் மடிந்து அடைத்துக்கொள்ளும். அமிலம் கலந்த திரவம் வேண்டாம்.

இன்டோரில் பார்க்க வேண்டியது வடிகால். ஏசி ஓடும்போது நம் ஊர்ப் புழுக்கத்தில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே தண்ணீர் வடியும். தட்டில் ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள், ஊற்றிய வேகத்தில் வெளியே வர வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் குழாயில் பாசி பிடித்திருக்கிறது.

கிளம்பும் நாளுக்கு முந்தின நாள்தான் மிக முக்கியம். ஏசியைக் கடைசியாக நிறுத்தும்போது காயிலும் தட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். அப்படியே அணைத்துவிட்டுப் போனால் 40 நாளில் உள்ளே கறுப்புப் பூஞ்சை வளரும், திரும்பி வந்து போட்டதும் முதல் காற்று முழுதும் அந்த நாற்றம்தான். அதனால் கடைசி மூன்று மணி நேரம் ஜன்னலைத் திறந்து வைத்து விசிறி மட்டும் ஓடும்படி, ரிமோட்டில் 'ஃபேன்' என்று வைத்து ஓட்டுங்கள். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று: ரிமோட்டில் 'ட்ரை' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது ஏசியை உலர்த்துவதற்கு இல்லை, அறையின் ஈரத்தை இழுப்பதற்கு. அதில் கம்ப்ரசர் ஓடும், காயில் மேலும் நனையும். மாடி ஏசியில் தானே சுத்தம் செய்துகொள்ளும் வசதி இருந்தால் அதை ஓட்டிவிட்டு, பிறகு ஃபேனில் வையுங்கள்.

அதன் பிறகு ரிமோட்டில் அணைத்தால் மட்டும் போதாது. ரிமோட்டில் அணைத்த ஏசியின் பிசிபி போர்டுக்கு (உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை) மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். சித்திரை, வைகாசியில் இடி மழை வந்தாலோ, கம்பத்தில் நியூட்ரல் அறுந்தாலோ 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கியும் வரலாம். போர்டு எரிந்தால் செலவு பெரிது. ஸ்டெபிலைசரை நம்ப வேண்டாம், அதுவும் சேர்ந்து போகும். ஏசியின் எம்.சி.பி.யை (மின்பெட்டியில் அதற்கென்று இருக்கும், தானாக விழும் சுவிட்ச்) இறக்குங்கள், பிளக் இருந்தால் பிடுங்கியே வையுங்கள். ஒற்றைத் துருவ எம்.சி.பி. ஃபேஸ் கம்பியை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் வழியே மின்னல் அதிர்ச்சி உள்ளே வர இடம் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்குவதுதான் முழுப் பாதுகாப்பு. ரிமோட்டின் பேட்டரிகளையும் எடுத்துவிடுங்கள். கசிந்து உள்ளே துருப்பிடிக்கும்.

தார்ப்பாய் வேண்டாம். அவுட்டோர் யூனிட் மழை, வெயிலுக்கென்றே செய்யப்பட்டது. முழுதாக மூடினால் உள்ளே ஈரம் தங்கும், எலி குடித்தனம் செய்யும், யாராவது தெரியாமல் ஏசியைப் போட்டால் கம்ப்ரசர் மூச்சுத் திணறும். தேங்காய் விழும் என்ற பயம் இருந்தால் மேலே மட்டும் ஒரு தகடு போடுங்கள், நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். எலிக்கு வழி அடைப்பதுதான் வேலை. செப்புக் குழாய் சுவரைத் துளைத்து வரும் ஓட்டையைச் சுற்றி விரல் நுழையும் சந்து இருந்தால் இரும்பு நார் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள். வெறும் தெர்மாகோலை ஒரே இரவில் கடித்துவிடும். வடிகால் குழாயின் வெளிமுனையில் கொசுவலைத் துண்டு ஒன்றை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள், வந்ததும் அவிழ்த்துவிடுங்கள். வைக்கோல் போரை யூனிட்டிலிருந்து பத்தடியாவது தள்ளிப் போடச் சொல்ல முடிந்தால் எலிக்கும் தூசிக்கும் சேர்த்தே தீர்வு.

கீசர், ஃப்ரிட்ஜ், பேட்டரி

கீசரைக் காலி செய்ய வேண்டாம். நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை. அரைகுறையாக வடித்த தொட்டியில் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு வேகமாகப் பிடிக்கும். நிறைந்த தொட்டியில் உள்ளே இருக்கும் மக்னீசியத் தண்டு தான் கரைந்து தொட்டியைக் காக்கும். எம்.சி.பி.யை இறக்கி, உள்ளே வரும் தண்ணீர் வால்வை மூடினால் போதும். உண்மையான ஆபத்து திரும்பி வரும்போதுதான்: தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் சுவிட்சைப் போட்டால் ஹீட்டர் வெறும் தொட்டியில் காய்ந்து எரிந்துவிடும். உங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். கீசர் வாங்கி மூன்று வருடம் ஆகியும் தண்டைப் பார்க்கவில்லையென்றால் இந்த சர்வீஸிலேயே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

ஃப்ரிட்ஜை முழுதும் காலி செய்து, அணைத்து, துடைத்து, கதவிடுக்கில் ஒரு மடித்த துண்டை வைத்துத் திறந்தே விடுங்கள். பின்பக்கம் கீழே கம்ப்ரசருக்கு மேல் ஒரு சின்னத் தட்டு இருக்கும், அதில் தேங்கிய தண்ணீரையும் கொட்டுங்கள். டெங்கு கொசுவுக்கு அவ்வளவு தண்ணீர் போதும். ஏர் கூலரை வடித்தால் மட்டும் போதாது, தொட்டியின் உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்து தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

பேட்டரிக்கு ஏசித் தண்ணீரா? வேண்டாம் அம்மா. பார்க்கச் சுத்தமாகத் தெரிந்தாலும் காயிலில் படிந்த தூசியும் உலோகத் துகளும் அதில் கரைந்திருக்கும். அவை பேட்டரித் தகடுகளைக் கெடுக்கும். கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான், அதுவும் மிதவையின் மேல் குறி வரைக்கும் மட்டும். ஆர்.ஓ. தண்ணீரும் ஆகாது. இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சை அணைத்தால் எல்லாம் நின்றுவிட்டது என்று நினைக்கிறோம். பெரும்பாலானவற்றில் அது வீட்டுக்குப் போகும் மின்சாரத்தைத்தான் நிறுத்தும், மின்வாரிய மின்சாரம் இருக்கும்வரை பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டேதான் இருக்கும். ஆளில்லாத வீட்டில் அது வேண்டாம். முழு சார்ஜ் ஆனதும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். நல்ல பேட்டரி 40 நாளைத் தாங்கும். நான்கு வருடம் தாண்டியதென்றால், இருபதாம் நாள் வாக்கில் பக்கத்து வீட்டார் மெயினை ஏற்றி, ஒரு பகல் முழுதும் பிளக்கை மாட்டி எடுத்துவிட்டு, மறுபடி இறக்கட்டும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், சும்மா இருக்கும் பேட்டரியில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே போக விடக் கூடாது.

இதெல்லாம் செய்தபின் மெயினைத் தாராளமாக இறக்கலாம், ஃப்ரிட்ஜில்தான் எதுவும் இல்லையே. வாசல் விளக்கு இரவில் எரிய வேண்டும் என்றால் அந்த ஒரு எம்.சி.பி. மட்டும் இருக்கட்டும், மற்ற எல்லாவற்றையும் இறக்குங்கள். பழைய இரும்புப் பெட்டி மெயின் என்றால் அதில் பலவற்றில் நியூட்ரல் துண்டிக்கப்படாது, அதனால்தான் பிளக்குகளைப் பிடுங்கச் சொல்கிறேன். மீட்டர் அளவை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பவர் வரும்போது மீட்டர் வரை போக வழி இருக்கட்டும்.

திரும்பி வந்த அன்று

ரயிலில் வந்த களைப்பில் முதலில் ஏசியைப் போட்டுவிடத் தோன்றும். அன்று மட்டும் பொறுங்கள். எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு, அவுட்டோர் யூனிட்டைச் சுற்றிலும் எலிப் புழுக்கையோ கடித்த கம்பியோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் எலக்ட்ரீஷியன் வரும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். இல்லையென்றால் மெயினை ஏற்றி, ஒவ்வொரு எம்.சி.பி.யாகப் போடுங்கள். ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானாக விழும் சுவிட்ச்) இருந்தால் அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை அமுக்குங்கள், உடனே விழ வேண்டும்.

கீசருக்கு முதலில் வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் சீராக வரும்வரை விட்டபிறகுதான் சுவிட்ச். 40 நாள் தேங்கிய அந்தத் தண்ணீரில் முதல் நாள் யாரும் குளிக்க வேண்டாம். 60 டிகிரிக்குச் சூடாக்கி ஒரு தொட்டித் தண்ணீரைத் திறந்து விட்டுவிடுங்கள். ஆவியோடு சேர்த்து மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கும் கிருமி வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் வளரும், ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் இதை விட்டுவிடக் கூடாது. விடும்போதும் குளியலறையில் நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

ஏசியில் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டி, வடிகால் முனையில் கட்டிய வலையை அவிழ்த்து, ஜன்னல் திறந்தபடியே அரை மணி நேரம் ஃபேனில் ஓட்டுங்கள். அதுவரை உங்கள் கணவர் கூடத்திலேயே இருக்கட்டும். பழைய துணி நாற்றம் மாதிரி வந்தால் அதை ரூம் ஃப்ரெஷ்னரால் மறைக்காமல், மறுநாள் காயிலைக் கழுவ ஆளைக் கூப்பிடுங்கள். நாற்றம் இல்லையென்றால் ஜன்னலைச் சாத்தி 26 டிகிரியில் வைத்து, மேலே மின்விசிறியையும் இரண்டில் ஓடவிடுங்கள். கம்ப்ரசர் உடனே கிளம்பாமல் மூன்று நிமிடம் தாமதித்தால் பயப்பட வேண்டாம், அது அதற்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு.